மூக்கடைப்பும் மஞ்சள் ஒயினும்

ஒக்தாவ் பெலிசார் மறுபடியும் தும்மியபோது, பொன்னாடைச் சகோதரர் சங்கத்தின் பெருந்தலைவர் தன் வெல்வெட் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிக்கணும்,” என்றார் பெலிசார். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்ததால் அது “பட்டிக்கடும்” என்று வெளியே வந்தது.

“பாஸ் மன்னிப்பு கேக்கறாரு,” என்று நினேத் விளக்கம் சொன்னாள். “உங்க தொப்பிக்கு நஷ்ட ஈடு தனியா எழுதி அனுப்புங்க.”

பெலிசார் லோன் நகரத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர். உதவியாளர், டிரைவர், வரவேற்பாளர் என்று அந்த நிறுவனத்தின் மற்ற ஊழியர்கள் எல்லாரும் நினேத் ஒருத்திதான். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலையில், பனியில் வழுக்கி வழுக்கி வெர்னோவால் கிராமத்துக்கு வந்து, செங்குத்தான கல் படிகளில் இறங்கி, இந்த நிலவறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். படிச்சுவர் முழுக்கப் பெருந்தலைவரின் புகைப்படங்கள். வருஷத்துக்கு ஒன்று, கையில் மரச் சுத்தியலோடு. ஒரு ஆணி மட்டும் காலியாக இருந்தது. நினேத் தன் மஃப்ளரைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

மூக்கடைத்த மனிதனை மஞ்சள் ஒயின் வழக்குக்கு அழைப்பது கண் தெரியாதவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டு ஓவியம் காட்டுவது போல. பெலிசாருக்கு அது தெரியும். ஆனால் பிரான்ஸின் இந்த ஜூரா மலைப்பகுதியில் வேறு வழக்கு கிடைப்பதில்லை. சவான்யான் திராட்சையைப் பிழிந்து பீப்பாயில் ஊற்றினால் ஆறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் யாரும் கை வைப்பதில்லை. ஒயின் ஆவியாகிக் குறையும். குறைந்தாலும் ஒரு சொட்டு சேர்க்கமாட்டார்கள். காலியான இடத்தில், ஒயினின் மேல், பாலாடை மாதிரி ஓர் ஆடை படியும். அந்த ஆடைக்கு அடியில் கிடந்து கிடந்துதான் ஒயின் மஞ்சளாகி வால்நட் வாசனை பிடிக்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரியில் ஊர் கூடி ஒரு பீப்பாயைத் துளைப்பது விழா. நாளைக்கு விழா.

இந்த வருஷத்துப் பீப்பாய் ஒடீல் ஜாக்மேயுடையது. கோடையில் பெயரை மறைத்து வைத்துச் சங்கம் நடத்திய தேர்வில் எல்லாக் கைகளும் அதற்குத்தான் உயர்ந்தன. ஒயின்காரர் ஒரு பெண் என்று பிறகு தெரிந்ததும், உயர்த்திய கையை இறக்க வழி தெரியாமல் சிலர் தலையைச் சொறிந்துகொண்டார்கள். அக்டோபரில் பீப்பாய் இந்த நிலவறைக்கு வந்தது. முந்தாநாள் சங்கம் மறுபடி ருசி பார்த்தது. ஒயின் செத்துக் கிடந்தது.

“மோசடி, முசே பெலிசார். அப்பட்டமான மோசடி,” என்றார் பெருந்தலைவர் கோந்த்ரான் வோஷ்ரோ. கடுகு மஞ்சளில் பட்டு அங்கி, கழுத்தில் திராட்சைக் குலை தொங்கும் பித்தளைச் சங்கிலி. வார நாட்களில் லோனில் குளியலறை ஓடு விற்கிறார். “நல்ல பீப்பாயை வீட்டோட வெச்சுக்கிட்டு, ஏதோ ஒண்ணை இங்க உருட்டி விட்டுட்டாங்க இந்தம்மா. நாளைக்கு விழா முடிஞ்சதும் ஒயின் தரக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் புகார் போகுது.”

“போனா?” என்றார் பெலிசார்.

பதில் ஒடீலிடமிருந்து வந்தது. நாற்பது வயது. ரப்பர் பூட்ஸோடு கைகளைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தாள். “போனா, என் நிலவறையில இருக்கற ஒரு பீப்பாய்க்கும் மஞ்சள் ஒயின்ங்கற பேரு மிஞ்சாது. அத்தனையும் சமையலுக்குத்தான். ஆறு வருஷமா காத்த ஒயினைக் கோழிக் குழம்புக்கு விக்கணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன், முசே. தும்மறதுக்கு இல்ல.”

பெலிசார் கைக்குட்டையைத் தேடினார். இந்த ஊரில் யாரும் தகவல் தருவதில்லை, பிரசங்கம்தான் தருகிறார்கள். அவர் சங்கத்தின் ‘தலைமை நாசி’ பக்கம் திரும்பினார். ஆந்தெல்ம் போன்ஸே. ஊர் மருந்துக் கடைக்காரர். அவர் மூக்கை ஒரு தடவை பார்த்தால் பதவி எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றாது.

“முசே போன்ஸே, முந்தாநாள் நீங்க குடிச்சது எப்படி இருந்துச்சு? சுருக்கமா.”

ஆந்தெல்ம் கண்களை மூடினார். “இலையுதிர் காலம். மழை விட்ட சாயங்காலம். மூடின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வால்நட் மரம். மரத்தடியில ஒருத்தி உக்காந்திருந்தா. எழுந்து போயிட்டா.”

“எந்தப் பக்கம் போனா?” என்றாள் நினேத். “அங்க அடையாளம் ஏதாவது?”

“நினேத்!” பெலிசார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “முசே, வால்நட் வாசனை இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு. ரொம்ப தூரத்துல.”

“சுத்தமா இல்லாம போகலியே?”

“இல்ல.”

அப்படியென்றால் வேறு பீப்பாய் இல்லை. அதே பீப்பாய், வேறு எதுவோ கலந்திருக்கிறது. காலையிலிருந்து கிடைத்த முதல் தகவல். அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து பெலிசாரின் கையில் திணித்தார்கள். குடித்தார். சில்லென்று எதுவோ ஒன்று தொண்டைக்குள் இறங்கியது. வேட்டி துவைத்த தண்ணீராக இருந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“ம்,” என்றார், அனுபவசாலி போல.

ஆத்திரத்தில் பக்கத்துப் பீப்பாயின் மேல் முட்டியால் குத்தினார். தொம் என்றது. அடுத்ததைத் தட்டினார். தொம். காலியான மேல்பாகம் குடம் மாதிரி முழங்கியது. ஒடீலின் பீப்பாயைத் தட்டினார்.

தப்.

மறுபடி தட்டினார். தப்.

“விருந்து முடிச்ச பெருந்தலைவரோட வயித்தைத் தட்டினாலும் இதே சத்தம்தான் வரும்,” என்று நினேத் அவர் காதோரம் சொன்னாள்.

ஒடீல் ஓடிவந்து தானும் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “இது நெறஞ்சிருக்கு! வரும்போது மூணுல ஒரு பங்கு காலி. டிராக்டர்ல வர்ற வழியெல்லாம் உள்ள சளக் சளக்னு ஆடிக்கிட்டே வந்துச்சு. ஃபிர்மானைக் கேளுங்க, அவன்தான் ஓட்டினான்!”

“இத்தனை நாள் யாரும் கவனிக்கலையா?”

“மேல் மூடியைத் தெறந்தா ஆடை கலைஞ்சுடும்,” என்றார் ஆந்தெல்ம், சங்கடத்தோடு. “முன்பக்கம் சின்னதா ஒரு ஆப்பு இருக்கு, அது வழியாத்தான் ருசிக்கு எடுப்போம். மேல யாரும் பாக்கறதில்ல.”

“பாத்தீங்களா! கலப்படம்!” என்று பெருந்தலைவர் கையை உயர்த்தினார். சங்கிலி குலுங்கியது. “அந்தம்மா வாயாலயே வந்துடுச்சு!”

“இந்த அறைச் சாவி யாருகிட்ட இருக்கும்?” என்றார் பெலிசார்.

“அங்கி அலமாரிக்குப் பின்னால தொங்கும். சகோதரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க சத்தியம் பண்ணினவங்க.”

“என்னன்னு?”

“சாப்பாட்டு மேஜையில தண்ணி குடிக்கமாட்டோம்னு.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“மேஜை நாற்காலி போட வர்ற ஃபிர்மானுக்குத் தெரியும்.” பெருந்தலைவர் குரலைத் தாழ்த்தினார். “பர்கண்டிக்காரன்.”

*

பெலிசாருக்கு உற்சாகம் வந்தது. பக்கத்து ஒயின் மாகாணமான பர்கண்டியில் பீப்பாய் ஒரு விரல் குறைந்தாலும் உடனே நிரப்பிவிடுவார்கள். பல் துலக்குவது போல அங்கே அது ஒரு பழக்கம். ஒயினைத் திருடிவிட்டு, குறைந்தது தெரியாமலிருக்கப் பீப்பாயை நிரப்பி வைக்கிற புத்தி ஜூராக்காரனுக்கு வராது. வெளியாளுக்குத்தான் வரும். அதுவும் பர்கண்டியில் பிறந்தவனுக்குக் கை தானாகவே போகும்.

“எவ்வளவு அழகான தடயம் பாத்தியா?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அழகாத்தான் இருக்கு பாஸ். அழகான விஷயம் எதுவும் நமக்கு அமையாதே, அதான் பயமா இருக்கு.”

ஃபிர்மான் தன் கொட்டகையில், ஒரு காலை மரப்பெட்டியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல்.

“கால்ல என்ன?” என்றார் பெலிசார்.

“ஒடீலம்மா பீப்பாய்தான். அக்டோபர்ல சங்கத்து வாசல்ல எறக்கும்போது வழுக்கி கால் மேல ஏறிடுச்சு. எலும்பு நொறுங்கிப் போச்சு. அன்னியிலேர்ந்து படின்னு ஒண்ணைக் கண்ணால பாக்கறதோட சரி. கட்டிலையே கீழ எறக்கிப் போட்டுட்டா எம் பொண்டாட்டி.”

“அப்ப நிலவறைக்கு…”

“பல்லக்குல வெச்சுத் தூக்கிட்டுப் போனா வருவேன்.”

நினேத் தொண்டையைக் கனைத்தாள். பெலிசார் அவளைப் பார்க்கவில்லை.

“நீ பர்கண்டிதானே?” என்று கேட்டார், விட மனசில்லாமல். “பீப்பாய் குறைஞ்சா நெரப்பற பழக்கம் உண்டுல்ல?”

“ஓ, அதான் என்கிட்ட வந்தீங்களா!” ஃபிர்மான் பெரிதாகச் சிரித்தான். “கல்யாணமாகி இங்க வந்த புதுசுல, மாமனார் நிலவறையில பாவம் ஒரு பீப்பாய் குறைஞ்சிருக்கேன்னு நெரப்பி வெச்சேன். நல்ல மாப்பிள்ளைன்னு பேர் வாங்கலாம்னு. மாமியா கரண்டியோட மாடியிலேர்ந்து எறங்கி வந்தாங்க. இருபது வருஷமாச்சு. இன்னிக்கும் கொதிக்கற பாத்திரத்துல தண்ணி ஊத்தணும்னாகூட அவங்களைக் கேட்டுட்டுத்தான் ஊத்துவேன்.”

*

திரும்பும் வழியில், ஊர் எல்லைத் திருப்பத்தில், கார் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் முன்சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. பெலிசார் இறங்கித் தள்ளினார். கார் அசையவில்லை. தும்மினார். அப்போது மட்டும் கொஞ்சம் அசைந்தது.

“இன்னும் ரெண்டு தும்மல் போடுங்க பாஸ், ஏறிடும்.”

“வாயை மூடு!” அவர் காரின் மேல் சாய்ந்துகொண்டார். ஷூவுக்குள் பனி உருகியது. “நாளைக்குக் காலைல அந்தம்மாவோட பொழைப்பு போகப்போவுது. என்கிட்ட இருக்கறது என்ன? ஒரு தப் சத்தம், கால் ஒடிஞ்ச பர்கண்டிக்காரன், மரத்தடியில எழுந்து போன ஒருத்தி. எவன்டா அந்த ஒயினைத் திருடினான்?”

நினேத் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கடித்தாள். பெலிசார் அதை உற்றுப் பார்த்தார்.

“அது என் டிராயர்ல இருந்த டப்பாவுல இருக்கற மாதிரி இருக்கே.”

“அதேதான். மூணு மாசமா எடுக்கறேன்.”

“நான் கண்டுபிடிக்கவே இல்லியே!”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க? டப்பா ஏற்கெனவே பாதி காலி. ஒண்ணு ரெண்டு குறைஞ்சா தெரியாது. அதுல நான் கல்லை ரொப்பி வெச்சிருந்தாத்தான் மாட்டியிருப்பேன்.”

பெலிசார் கைக்குட்டையை எடுத்தார். மூக்கைச் சிந்தக்கூட மறந்து நின்றார்.

“என்ன பாஸ், சம்பளத்துல பிடிக்கப் போறீங்களா?”

“திருட்டே நடக்கல,” என்றார் மெதுவாக. “திருடினவனுக்கு நெரப்ப வேண்டிய அவசியமே இல்ல. பீப்பாய் குறைஞ்சிருக்கறதுதான் இங்க வழக்கம். யாரும் எதையும் எடுக்கல, நினேத். எவனோ உள்ள ஊத்தியிருக்கான். பீப்பாய் நெறஞ்சிருக்கணும்னு எவனோ ஆசைப்பட்டிருக்கான். ஏன்? நெறஞ்ச பீப்பாயால யாருக்கு லாபம்?”

“குடிக்கறவனுக்கு.”

“விளையாடாதே.”

“குளிருது பாஸ். என் மஃப்ளர்…” நினேத் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். “போச்சு! அந்தப் படியிலயே விட்டுட்டேன். ஆணியில மாட்டினேன், போன வருஷப் படம் இருக்க வேண்டிய இடத்துல…” அவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சாக்லேட் வாயோடு, காரைப் பிடித்துக்கொண்டு, விடாமல் சிரித்தாள்.

“என்னடி?”

“போன வருஷ விழாவுக்கு நான் வந்திருந்தேன் பாஸ். டி.வி.காரங்க வந்திருந்தாங்க. பெருந்தலைவர் சுத்தியலை ஓங்கி ஆப்பைத் தட்டிவிட்டாரு. ஒயின் வளைஞ்சு பாஞ்சு கூட்டத்து மேல தெறிக்கும்னு முன்வரிசை பூரா வாயைத் தெறந்துக்கிட்டு நிக்குது. பாயல. பீப்பாயோட வயித்துலயே வழிஞ்சு அவரு ஷூவுல விழுந்துச்சு. அதையும் டி.வி.யில காட்டிட்டாங்க. வருஷம் பூரா ஊர்ல அவருக்கு ‘சொட்டுத் தலைவர்’னுதான் பேரு.”

பெலிசார் நிமிர்ந்தார். “ஆப்பு இருக்கறது பீப்பாயோட நடுவுல. மேல ஒயின் எவ்வளவுக்கு எவ்வளவு நிக்குதோ…”

“அவ்வளவுக்கு அவ்வளவு பாயும்.”

“தள்ளு!” என்று கத்தினார் பெலிசார். “காரைத் தள்ளு! விருந்துக்கு முன்னால ஒடீலையும் அந்த மூக்குக்காரரையும் பாக்கணும்.”

*

விழாவுக்கு முந்தின நாள் விருந்துக்குச் சங்கத்தின் மண்டபத்தில் சகோதரர்கள் அனைவரும் அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் ஒயினும் பாலேடும் மொரீல் காளானும் சேர்த்து வெந்த கோழி, தட்டு தட்டாக வந்தது. நடுவில் சக்கரத்தில் பாதி அளவுக்குக் கொம்தே சீஸ். கிண்ணங்களில் வால்நட். பெலிசாருக்குக் கோழியும் பஞ்சும் ஒன்றாக இருந்தன. பெருந்தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடும்போதும் பேசுவார். பேசுவதற்காகவே சாப்பிடுகிறாரோ என்று தோன்றும்.

“கொம்தே இளசா இருந்தா இந்த ஒயின் அதை அடிச்சுப் போட்டுடும், முசே. முத்தினதா இருந்தா ரெண்டும் கைகோத்துக்கும். இஞ்சி தலைகாட்டும், பின்னாலயே தேன் வரும். கடைசியா வால்நட் வந்து கதவைச் சாத்தும். மீனோட இதைக் குடிக்கறவனை நான் வீட்டுக்குள்ள சேக்கமாட்டேன்.”

“எனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு,” என்றார் பெலிசார். “விழா நிக்க வேண்டாம். மதாம் ஜாக்மேகிட்ட அதே வருஷத்து ஒயின், அதே வரிசையில இன்னொரு பீப்பாய் இருக்கு. ஒரு மணி நேரம் முன்னால முசே போன்ஸே போய் ருசி பாத்துட்டு வந்தாரு.”

எல்லாரும் ஆந்தெல்மைப் பார்த்தார்கள். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

“வந்துட்டா,” என்றார்.

“யாரு?”

“மரத்தடியில இருந்தவ.”

மேஜையைச் சுற்றி ஆசுவாசப் பெருமூச்சு எழுந்தது. பெலிசார் வால்நட் ஒன்றை உடைத்தார். “ஆகவே நாளைக்கு அதைத் துளைப்போம். மூணுல ஒரு பங்குக்கு மேலயே காலியா இருக்காம். இருந்தா என்ன, ஒயின் நல்லாருக்கே.”

பெருந்தலைவரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. காளான் ஒன்று அதிலிருந்து நழுவி அங்கியில் விழுந்தது.

“முடியாது.”

“ஏன் முசே?”

“மரபுன்னு ஒண்ணு இருக்கு. தேர்வு பண்ணின பீப்பாயை…”

“அது கெட்டுப் போச்சே. மோசடின்னு நீங்கதானே சொன்னீங்க? கெட்டுப் போனதையா துளைக்கப் போறீங்க?”

“அதைத்தான் துளைப்போம். ஊர் பாக்கட்டும், மோசடி தெரியட்டும். ஆனா இன்னொண்ணு வேண்டாம்.”

“அதே ஒயின். அதே தோட்டம்.”

“வேண்டாம்னா விடுங்களேன்!”

“நல்ல காரணம் சொன்னீங்கன்னா விட்டுடறேன்.”

“அது பாயாதே!” என்றார் கோந்த்ரான் வோஷ்ரோ.

மண்டபத்தில் முள்கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி, பெருந்தலைவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் காரியம் கெட்டிருந்தது.

“பாயாது,” என்று ஒப்புக்கொண்டார் பெலிசார். “போன வருஷம் மாதிரி ஷூவுல விழும். படியில அந்தப் படம் மட்டும் காணோம், முசே. என் உதவியாளர் அந்த ஆணியிலதான் மஃப்ளர் மாட்டினாங்க.”

ஆந்தெல்ம் எழுந்து நின்றார். “கோந்த்ரான். நீ என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல! கொஞ்சம்…” பெருந்தலைவர் நாற்காலியில் சரிந்தார். “டிசம்பர்ல. அஞ்சு டின். போன வருஷத்து வெள்ளை ஒயின். சவான்யான்தான், ஆந்தெல்ம்! அதே திராட்சை, அதே மலை. யாருக்குத் தெரியப் போவுது?”

“எங்களுக்குத் தெரியாதாடா?”

“அதைத்தான் கேக்கறேன்!” அவர் குரல் உடைந்தது. “நெஜமாவே தெரியுதா உங்களுக்கு? இஞ்சி, தேன், வால்நட்… முப்பது வருஷமா குடிக்கறேன். ஒரு நாள்கூட எனக்கு வந்ததில்ல. எல்லாமே வெள்ளை ஒயின் மாதிரிதான் இருக்கு. சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்களும் என்னை மாதிரி சும்மாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். முந்தாநாள் நீ மூஞ்சியைச் சுளிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது… ஐயோ, இவனுக்கு நெஜமாவே தெரியுதுன்னு.”

பல சகோதரர்கள் திடீரென்று தங்கள் தட்டிலிருந்த கோழி எலும்பை உன்னிப்பாக ஆராய ஆரம்பித்தார்கள்.

பெலிசாருக்கு ஒரு கணம் அந்த மனிதர் மேல் பரிதாபம் வந்தது. எதுவும் மணக்காத உலகத்தில் தனக்கு ஒரு வாரத்துக்கே பொறுக்கவில்லை. இவர் முப்பது வருஷம் அங்கியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

அந்தப் பரிதாபம் அதிக நேரம் நிற்கவில்லை. சகோதரர்கள் தலைகளைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பொருளாளர் எழுந்தார். “முசே பெலிசார், உங்க வேலை பிரமாதம். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். பீப்பாய் ஒழுகிடுச்சுன்னு அறிவிச்சுடறோம். புகார் கெடையாது. மதாமுக்கும் நல்லது, சங்கத்துக்கும் மானம் போகாது.”

“அப்ப உண்மை?”

“அதான் கண்டுபிடிச்சுட்டீங்களே,” என்றார் பொருளாளர், கனிவோடு. “இன்னொரு துண்டு சீஸ் எடுத்துக்குங்க.”

பெலிசார் மேஜையைக் குத்தினார். வால்நட் கிண்ணம் துள்ளியது. பள்ளத்தில் விழுந்து, பனியில் நனைந்து, சாக்லேட்டைப் பறிகொடுத்துக் கண்டுபிடித்த உண்மையை இவர்கள் ஒரு துண்டு சீஸுக்கு அடியில் வைத்து மூடப் பார்க்கிறார்கள். சொல்ல வாயெடுத்தார். தும்மல்தான் வந்தது.

“பீப்பாய் ஒழுகிச்சுன்னா,” என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது, “அது யாரு பீப்பாய்? என் பீப்பாய்தானே? கலப்படக்காரின்னு சொன்ன ஊரு, நாளையிலேர்ந்து ஓட்டைப் பீப்பாய்க்காரின்னு சொல்லும். அவ்வளவுதானே வித்தியாசம்?”

ஒடீல் பூட்ஸ் சேறோடு உள்ளே வந்தாள். நினேத் அவள் பின்னால் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள்.

“ரெண்டு நாளா ரொட்டிக் கடையில என் பக்கத்துல யாரும் நிக்கறதில்ல. என் தங்கச்சி போன் பண்ணி, உண்மையா அக்கான்னு கேக்கறா. அவளே கேக்கறா.”

“உனக்கு என்ன வேணும், ஒடீல்?” என்றார் ஆந்தெல்ம்.

“நாளைக்கு என் ரெண்டாவது பீப்பாயைத் துளைக்கணும். அதுக்கு முன்னால மேடையில நின்னு இவரு சொல்லணும். என்ன பண்ணினாருன்னு, அவரு வாயால.”

கோந்த்ரான் தலையை உயர்த்தினார். “சொல்லிடறேன். ஆனா அங்கி இல்லாம… சாதா கோட்டுல வந்து சொன்னா போதாதா, மதாம்?”

“என்னை மோசடிக்காரின்னு சொன்னப்ப எதைப் போட்டிருந்தீங்க?”

அவர் தன் பட்டு மடியில் கிடந்த காளானைப் பார்த்தார். அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி ஓய்ந்தபோது சதுக்கத்தில் எள் போட இடமில்லை. எல்லார் கழுத்திலும் கயிற்றில் ஒரு கிளாஸ் தொங்கியது. மேடையில் ஒடீலின் இரண்டாவது பீப்பாய். கடுகு மஞ்சள் அங்கியில் கோந்த்ரான் வோஷ்ரோ முன்னால் வந்து ஏதோ சொன்னார். முன்வரிசைக்கே கேட்கவில்லை.

“சத்தமா!” என்று யாரோ கத்தினார்கள்.

“ஒடீல் ஜாக்மே மேல எந்தத் தப்பும் இல்ல,” என்றார் அவர். “நான்தான். பீப்பாய் நெறஞ்சா நல்லா பாயுமேன்னு, நான்தான் அதுல சாதா வெள்ளை ஒயினை ஊத்தினேன். பழியை அவங்க மேல விட்டுட்டு சும்மா இருந்தேன்.”

கூச்சல் கிளம்பும் என்று பெலிசார் எதிர்பார்த்தார். கிளம்பவில்லை. ஆறு வருஷ ஆடையின் மேல் புது ஒயினை ஊற்றினான் என்றால் அந்த ஊரில் சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், யாரோ செத்துப்போன மாதிரி. இரண்டு பெண்கள் திரும்பி ஒடீலைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

ஒடீல் மேடை ஏறினாள். பெருந்தலைவரின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். அவர் தரத் தயாராகத்தான் இருந்தார். ஆப்பை ஒரே தட்டில் தட்டிவிட்டாள். ஒயின் பாயவில்லை. நூல் மாதிரி, மஞ்சளாக, பீப்பாயின் வளைவிலேயே இறங்கியது. அவள் குனிந்து கிளாஸை அதில் ஒட்டினாற்போலப் பிடித்தாள். நிரம்ப நேரமாயிற்று. சதுக்கம் பொறுமையாக நின்றது.

கிளாஸை அவள் ஆந்தெல்மிடம் கொடுத்தாள். முதலில் முகம் சுளித்து ஊருக்குச் சொன்னவர் அவர்தான்.

தலைமை நாசி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். மைக் அவர் வாயருகே வந்தது. கூட்டம் காது கொடுத்தது. டி.வி.காரன் ஒரு அடி முன்னால் வந்தான். ஆந்தெல்ம் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு, அவளை மட்டும் பார்த்தார்.

“நல்லாருக்கு, ஒடீல்,” என்றார்.